தீரக் கூடாத கடன்

"கடன் வாங்கியே கெட்டார்கள்" என்னும் தீர்ப்பு நம் பங்குகளில் மிக எளிதாக வழங்கப்படுகிறது. வழங்குவோர் தீயவர் அல்லர். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாது வருவோர். பங்குப் பேரவையில் பொறுப்பு வகிப்போர். வின்சென்ட் தே பவுல் சபையின் வழியாக ஏழைகளுக்கு அரிசி அளப்போர். நாமும் அவர்களோடு சேர்ந்து அத்தீர்ப்பைப் பலமுறை வழங்கியிருக்கிறோம். தவக்கால மறையுரைகளில் சிக்கனத்தைப் போற்றினோம். ஊரழைத்து விருந்து வைக்கும் திருமணங்களைக் கண்டித்தோம். வரவுக்கு மேல் செலவிடும் தந்தை தன் பிள்ளைகளின் நாளையை விற்கிறான் என்று முழங்கினோம். அம்மறையுரைகளில் ஒரு பெருந்தவறு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம். கடன் வாங்கியவனிடம் பேசினோம்; கொடுத்தவனிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையை நோக்கிச் செல்வோர் கச்சிராயபாளையத்தைக் கடந்தே செல்வர். கோமுகி அணை அருகே உள்ளது. மலையடிவாரம் வரை நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைகின்றன. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உண்டு. வெறும் வறட்சியைக் காட்டி இப்பகுதியின் வறுமையை விளக்கிவிட முடியாது. தண்ணீரும் விளைச்சலும் உள்ள ஊரில் விளைவித்தவனும் வெட்டியவளும் ஏன் ஆண்டு முழுதும் கடனாளியாயிருக்கின்றனர் என்பதே கேள்வி. சோம்பல், குடி, ஆடம்பரம் என்று நாம் விடை சொல்லிவந்தோம். பொருளியல் பேராசிரியர்கள் சிலர் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வேறொரு விடையை நம் கண்முன் வைத்திருக்கின்றனர். அதை நாம் படிக்கவில்லை.

கில்பர்ட் சிலேட்டர் என்னும் ஆங்கிலேயர் 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். நூல்களில் உள்ள பொருளியலை மட்டும் கற்பித்து அவர் அமைதி அடையவில்லை. 1916இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, யாருக்கு எவ்வளவு நிலம், யார் யாருக்கு எவ்வளவு கடன், கூலி என்ன, உணவு என்ன என்று எழுதிவரச் செய்தார். அவ்வறிக்கைகள் 1918இல் நூலாக வெளிவந்தன. அவ்வூர்களுள் ஒன்று இருவேல்பட்டு. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அன்று அவ்வூரும் நம் கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். ஆகவே அவ்வூரின் கதை நமக்கு அயலார் கதையன்று.

இருவேல்பட்டில் அன்று படியாள் முறை இருந்தது. படியளந்து தரும் தானியத்துக்கு உழைப்பவன் படியாள். திருமணம் முதலிய செலவுக்கு நிலவுடைமையாளரிடம் ஒரு சிறு தொகையைப் பெறுவான். அதற்கு ஈடாக அவரிடமே உழைப்பான். அக்கடன் அடைபடுவதில்லை. தந்தைக்குப்பின் மகன் தலையில் இறங்கும். நிலம் கைமாறினால் படியாளும் நிலத்தோடு கைமாறுவான்.

இங்கு வாசகர் ஒரு நொடி நின்று சிந்திக்க வேண்டும். கடன் கொடுப்பவர் பொதுவாக எதை விரும்புவார்? கொடுத்த பணம் வட்டியோடு திரும்பி வருவதை. இருவேல்பட்டு நிலவுடைமையாளரோ பணம் திரும்புவதை விரும்பவில்லை. திரும்பிவிட்டால் ஆள் போய்விடுவான். நாற்று நடும் நாளில், கதிர் அறுக்கும் நாளில், எவரும் கூலி உயர்த்திக் கேட்க முடியாதபடி ஆட்கள் கையிலிருக்க வேண்டும். அதற்கு அவர் கண்ட வழி, தீரக் கூடாத ஒரு கடன். அங்கே பணம் கயிற்றின் வேலையைச் செய்தது.

"அவன் திருமணத்துக்குக் கடன் வாங்காமல் இருந்திருக்கலாமே" என்பர். வாங்காமல் இருந்திருக்கலாம். ஆனால் நிலமும் இல்லை, வேறு தொழிலும் இல்லை, ஊரின் சாதி ஒழுங்கு அவனை வேறெங்கும் நிற்க விடவும் இல்லை என்னும் நிலையில், திருமணச் செலவைச் சுருக்கிய படியாள் அடுத்த ஆண்டு நோய்க்காகவோ பஞ்சத்துக்காகவோ அதே வாசலில் நின்றிருப்பான். "குடியே காரணம்" என்பாரும் உளர். 2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அச்சாவுகளை நினைக்கும் எவரும் குடியின் கொடுமையைக் குறைத்துப் பேசமாட்டார். ஆயினும் குடி ஒருவன் கடன் வாங்கியதை விளக்கலாம். அக்கடன் தீரவே கூடாது என்று மற்றொருவர் விரும்பியதை அது விளக்காது.

சிலேட்டரின் ஊர்களுக்கு இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆய்வாளர்கள் சென்றனர். 1936-37இல் அம்மறு ஆய்வை நடத்தியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி.ஜே. தாமஸ் அவர்களும் கே.சி. இராமகிருஷ்ணன் அவர்களும் ஆவர். தாமஸ் கேரளத்துக் கத்தோலிக்கர். நம் திருச்சபையின் பொதுநிலையினர். நம் மக்களுள் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பர்? புனிதர்களின் வரலாறு சொல்லும் நாம், ஏழையின் கடனைப் பற்றிச் சிந்தித்த பொதுநிலையினர் ஒருவரை மறந்தே போனோம்.

அவர் எழுதிய காலம் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். 1929க்குப் பின் சில ஆண்டுகளிலேயே நெல்லின் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூட்டை ஐந்து ரூபாய் விற்ற நாளில் நூறு ரூபாய் கடன் வாங்கிய உழவன், இருபது மூட்டை விற்றால் அதை அடைத்திருப்பான். விலை இரண்டரை ரூபாயானபோது அதே நூறு ரூபாய்க்கு நாற்பது மூட்டை தேவை. அவன் ஒரு காசும் கூடுதலாக வாங்கவில்லை; ஒரு நாளும் சோம்பியிருக்கவில்லை. அவன் கடன் இரட்டித்துவிட்டது. போதாக்குறைக்கு, 1927இல் அரசு ரூபாயின் மதிப்பை ஆங்கில நாணயத்தில் ஒரு ஷில்லிங் ஆறு பென்சு என உயர்த்தி நிறுத்தியிருந்தது. இந்திய விளைபொருளின் விலையை அது மேலும் அழுத்துகிறது என்று பலர் அன்றே எதிர்த்தனர். பணத்தின் மதிப்பைப் பற்றிய முடிவு எங்கோ ஓர் அலுவலகத்தில் எடுக்கப்பட்டது. அதன் சுமை தென்னார்க்காட்டு உழவன் தோளில் இறங்கியது. அவனிடம் சென்று சிக்கனம் போதிப்பது எத்தகைய அறியாமை!

இது பழங்கதை என்று எவரும் தள்ள வேண்டாம். கரும்பு உழவரைக் கேளுங்கள். 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஆலைக்குக் கரும்பு வழங்கிய 14 நாட்களுக்குள் விலை கொடுக்கப்பட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்த்துத் தர வேண்டும். ஆயினும் தமிழகத்தின் பல பகுதிகளில் நிலுவைத் தொகைக்காக உழவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதை நாடறியும். அந்நிலுவை வரும்வரை உழவன் வீட்டு அடுப்பு காத்திருக்காது. அவன் மூன்று வட்டிக்கு வாங்குகிறான். மாதம் நூற்றுக்கு மூன்று, ஆண்டுக்கு முப்பத்தாறு. ஓர் இலட்சம் ரூபாய் ஓராண்டு தாமதித்தால், சட்டம் சொல்லும் வட்டி முழுமையாகக் கிடைத்தாலும் 15,000 ரூபாய்; அவன் கட்டுவதோ 36,000. இடையிலுள்ள 21,000 ரூபாய், அவன் செய்யாத குற்றத்துக்கு அவன் செலுத்தும் தண்டம். பணத்தைக் காலந்தாழ்த்தித் தரும் ஆற்றல் உடையவர் வலியவர். காத்திருக்க இயலாதவர் எளியவர். பொருளியல் அறிஞர் அரசியற் பொருளாதாரம் என்று அழைப்பதன் சாரத்தை இந்த ஒரு கணக்கிலேயே காணலாம்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்து, பின் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக விளங்கி, 2024இல் மறைந்த பேராசிரியர் சி.டி. குரியன் அவர்கள் இதையே வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார். நாட்டின் மொத்த உற்பத்தி எவ்வளவு பெருகியது என்பதோடு அவர் நிற்கவில்லை. எதை யார் உடைமையாக வைத்திருக்கிறார், எதை யார் செய்கிறார், எதை யார் பெறுகிறார் என்று கேட்டார். 1950 முதல் 1975 வரை தமிழகத்து ஊரகத்தில் நிகழ்ந்த மாற்றங்களை ஆராய்ந்த அவர், வளர்ச்சி வந்த இடத்திலெல்லாம் வறுமை விலகிவிடவில்லை என்று காட்டினார். அவர் கிறித்தவ நம்பிக்கையில் ஊன்றியவர். அவருடைய மூன்று கேள்விகளையும் நம் பங்கு ஆண்டறிக்கை ஒன்றிலேனும் நாம் எழுப்பியதுண்டா?

இருவேல்பட்டுக்கு மீண்டும் வருவோம். எஸ். குகன் அவர்களும் அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்சர் அவர்களும் அவ்வூரை மறுபடி ஆராய்ந்து 1983இல் எழுதினர். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் அங்கே சென்றனர். ஒரே ஊரை ஏறத்தாழ நூறாண்டு காலம் தொடர்ந்து நோக்கிய ஆய்வு இந்நாட்டில் அரிது. கடைசி ஆய்வின்போது படியாள் முறை மறைந்திருந்தது. பெரிய நிலவுடைமைக் குடும்பத்தின் பிடி தளர்ந்திருந்தது. வேளாண்மைக்கு வெளியே வேலை தேடிப் பலர் சென்றிருந்தனர். நிலம் மட்டும் இன்னும் சமமாகப் பகிரப்படவில்லை.

படியாளின் கயிற்றை அறுத்தது எது? சிக்கன மறையுரை கேட்டு எவனும் விடுபடவில்லை. மேலும் ஒரு கடன் கொடுத்தும் எவனும் விடுவிக்கப்படவில்லை. வெளியூரில் வேலை கிடைத்தது. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்தது. ஒடுக்கப்பட்டோர் இயக்கங்களும் வாக்குரிமையும் தலைநிமிர்வைத் தந்தன. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தபின் நூறு நாள் வேலை, கூலியைப் பற்றிப் பேச ஒரு துணிவு தந்தது. சுருங்கச் சொன்னால், அந்த ஒரு வாசலைத் தவிர நிற்பதற்கு வேறு வாசல்கள் திறந்தன. கடன்பட்டவனுக்கு வேண்டுவது வேறு வழி. நாமோ அவனுக்கு அறிவுரை வழங்கிக்கொண்டிருந்தோம்.

கயிறு முற்றிலும் அறுந்துவிட்டதா என்றால், இல்லை. அது பெயரை மாற்றிக்கொண்டது. இன்று அதற்கு முன்பணம் என்று பெயர். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் தொலைவிடத்து வேலைகளுக்கும் ஆள் பிடிப்போர் முன்பணம் கொடுத்தே பிடிக்கின்றனர். பருவம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது முன்பணம் கழிந்திருக்காது. அடுத்த பருவத்துக்கும் வரவேண்டும். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நாட்டில் நிறைவேறியதும் அதே 1976இல்தான். அச்சட்டம் கொத்தடிமையை விடுவித்ததோடு, அவனைக் கட்டிய கடனையும் அழித்தது; அத்தகைய கடனைத் திருப்பிக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. மலையிலும் அடிவாரத்திலும் வாழும் நம் மக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்வித்த மறைக்கல்வியில் இந்த ஒரு செய்தியைச் சொல்ல நமக்கு நேரம் கிடைக்கவில்லை.

பெண்கள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வறுமை ஒழிப்பின் பெயரால் நுண்கடன் வந்தது. நாட்டிலேயே அது மிகுதியாகப் பரவிய மாநிலங்களுள் தமிழகமும் ஒன்று. நாமும் அதை வரவேற்றோம். சில இடங்களில் பங்கு மன்றத்தையே கூட்டத்துக்குத் திறந்துவிட்டோம். ஒருத்தி தவணை கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றவர் பொறுப்பேற்க வேண்டும். ஆகவே அண்டை வீட்டுக்காரியே வசூலிப்பவளாகிறாள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு இணைந்து நம் பகுதி ஊர்களில் நெடுங்காலம் ஆய்வு செய்த இசபெல் கெரேன், தம் உடன் ஆய்வாளர்களான சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்பிரமணியன் ஆகியோருடன் சேர்ந்து, கடன்பட்ட பெண்ணைப் பற்றி 2023இல் ஒரு நூல் வெளியிட்டார். கடன் தேடுவதும், தவணை சேர்ப்பதும், ஒன்றை அடைக்க மற்றொன்றை வாங்குவதும், வாசலில் நின்று பேசுவோரின் சொற்களைப் பொறுப்பதும் பெண்ணின் ஊதியமில்லா உழைப்பாகிவிட்டன என்பதை அவ்வாய்வு எடுத்துரைக்கிறது. வன்முறையாக வசூலிப்பதைத் தடுக்கத் தமிழகச் சட்டமன்றம் 2025இல் தனிச் சட்டமுன்வடிவே நிறைவேற்ற வேண்டியிருந்தது எனில், நிலைமையின் கடுமையை வாசகரே உணரலாம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கடன் கொடுப்போர் எல்லாரும் புறத்தார் அல்லர். செபமாலை சொல்லும் கைகள் சில அடகுச் சீட்டும் எழுதுகின்றன. குடும்ப அட்டையையும் வங்கி அட்டையையும் ஈடாக வாங்கி வைப்போர் நம்மிடையே உண்டு. மாவரைக்கும் திரிகைக் கல்லை ஈடாக வாங்காதே, அது ஒருவன் உயிரையே ஈடாக வாங்குவதாகும் என்று இணைச்சட்ட நூல் விதிக்கிறது. இன்றைய ஏழைக்குத் திரிகைக் கல் எது? அரிசி வாங்கும் அட்டையன்றோ?

நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்தைப் படியுங்கள். மக்கள் கூக்குரலிடுகின்றனர்: நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமைகளாக்கினோம் என்று. நெகேமியா அவர்களுக்குச் சிக்கனம் போதிக்கவில்லை. தலைவர்களையும் அலுவலரையும் சபையின் முன் நிறுத்திக் கண்டிக்கிறார். அதைவிட வியப்பானது, தாமும் தம் சகோதரரும் கடன் கொடுத்திருப்பதை அவரே அறிக்கையிட்டு, வட்டியை விட்டுவிடுவோம் என்கிறார். சீர்திருத்தம் அவரிடமிருந்தே தொடங்குகிறது.

திருச்சபையின் மரபும் அன்று கூர்மையாக இருந்தது. 1179இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம், வெளிப்படையாக வட்டித் தொழில் செய்வோருக்கு நற்கருணையை மறுத்தது. மனம் திரும்பாது இறந்தால் கிறித்தவ அடக்கத்தை மறுத்தது. அவர்கள் காணிக்கையை எவரும் பெறலாகாது என்றும் விதித்தது. பின்னாளில் முதலீட்டின் இயல்பு மாறியபோது மிதமான வட்டியைத் திருச்சபை ஏற்றுக்கொண்டது உண்மையே. ஆனால் பேராசை கொண்ட வட்டியை அது ஒருபோதும் ஏற்கவில்லை. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலிலும் அதைக் கண்டித்தார். நாமோ அச்சங்கம் மறுத்த காணிக்கையைக் கேட்டுப் பெறுகிறோம். கொடியேற்றத்துக்கும் தேருக்கும் கூடுதலாகக் கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிக்கிறோம். அப்பணம் எந்த வாசலில் வசூலிக்கப்பட்டது என்று கேட்பதில்லை. இக்குற்றத்தில் முதற்பங்கு பங்குத்தந்தையராகிய நம்முடையது.

பெரியவர் ஒருவர் நம்மிடம் மறுத்துப் பேசினார்: "சாமி, நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வங்கியா கதவைத் திறக்கும்? நாங்கள் கொடுக்கிறோம். நாங்களும் இல்லையென்றால் இவர்கள் எங்கே போவார்கள்?" நேர்மையான கேள்வி இது. நள்ளிரவில் கதவைத் திறப்பது புண்ணியமே. ஆனால் "எங்கே போவார்கள்" என்னும் அச்சொல்லிலேயே அனைத்தும் அடங்கியிருக்கிறது. அவர்கள் போக வேறிடம் இல்லாமையே அவருடைய வட்டியின் அளவை நிர்ணயிக்கிறது. உதவிக்கும் பிடிக்கும் உள்ள வேறுபாட்டை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கடன் தீர்ந்த நாளில் கொடுத்தவர் மகிழ்ந்தால் அது உதவி. வருந்தினால் அது பிடி.

ஆகவே நாம் கேட்பவை சில. அன்பியக் கூட்டம் ஒன்றில், பெயரைச் சொல்லாமலேனும், வீட்டுக்கு வீடு உள்ள கடனையும் வட்டியையும் ஈடாக வைத்தவற்றையும் எழுதிப் பார்ப்போம். நோயை அறியாமல் மருந்து தர இயலாது. ஈடாக வாங்கிய குடும்ப அட்டைகளை நம் மக்கள் இவ்வாரமே திருப்பித் தரட்டும். திருவிழாச் செலவைக் குறைத்து, மருத்துவத்துக்கும் சூன் மாதப் பள்ளிச் செலவுக்கும் வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்றைப் பங்கிலே தொடங்குவோம். அதன் கணக்கைப் பொதுநிலையினரே வைத்திருக்கட்டும். ஏழையின் வட்டியால் வந்த காணிக்கையை நாம் பெறமாட்டோம். கோபுர வேலை ஓராண்டு நின்றாலும் நிற்கட்டும். கரும்புக்கு 14 நாளில் விலையும் உழைப்புக்கு உரிய கூலியும் கேட்டு உழவரும் தொழிலாளரும் கூடும் இடத்தில், சமயம் பாராது நாமும் சென்று நிற்போம். கைமாற்று நிதி இன்றைய காயத்துக்குக் கட்டு. நேரத்தில் வரும் விலையும் நியாயமான கூலியுமே அவர்களுக்கு வேறு வாசலைத் திறக்கும்.

2025ஆம் ஆண்டை யூபிலி ஆண்டாகக் கொண்டாடினோம். ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யுமாறு திருத்தந்தை பிரான்சிஸ் செல்வ நாடுகளை வேண்டினார், நாம் கைதட்டினோம். தொலைவிலுள்ளோர் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. அடுத்த தெருவில் நமக்கு வரவேண்டியதைப் பற்றி மட்டும் யூபிலி பேசவில்லை என்று எண்ணிக்கொண்டோம். ஆண்டவர் கற்பித்த செபத்தில் மன்னிப்பை வேண்டும் இடத்தில், மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலம் வைத்திருக்கும் சொல்லுக்குக் கடன் என்பதே பொருள். நம் நாவில் அது பாவம் என்றும் தீமை என்றும் வழங்குகிறது. அப்பொருள் பிழையன்று. ஆனால் கடன் என்று சொல்லியே செபித்திருந்தால், நம்முள் சிலருக்கு அவ்வரியைக் கடக்கும்போது குரல் தடுமாறியிருக்கும்.

வரும் தவக்காலத்திலும் நாம் கடனைப் பற்றி மறையுரை ஆற்றுவோம். இம்முறை பின்வரிசையில் நிற்கும் கூலித் தொழிலாளரை நோக்கி அன்று. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம்மவரை நோக்கி. அதற்குமுன், நம் பங்கின் கணக்கேட்டைத் திறந்து, நாம் பெற்ற காணிக்கைகளை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுப் பீடத்தின் முன் நிற்போம்.